வேலூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கிப் பயனரின் கருத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளும் ‘அஜைல்’ முறை பற்றிய மாநாட்டில் பேச முடியுமா? அதற்கு எப்படித் தயாராக வேண்டும்?

தாராளமாக முடியும். வேலூரிலிருந்து சென்று பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் பேசியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னையும் பெங்களூரும் சில மணி நேரத் தொலைவுதான் என்பதால் ஊர் ஒரு தடையே அல்ல. பலருக்கும் தடையாவது, என்ன பேசப்போகிறோம் என்று எழுதி அவர்கள் மாநாட்டுக்கு அனுப்பும் முன்மொழிவுதான்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, இந்த முறையின் அடிப்படைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதியதும், அதற்கு முன்பே 1995இல் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில், குறுகிய கட்டங்களில் குழுவாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையை முன்வைத்ததும் அஜைல் மாநாட்டு அரங்கில் இருப்பவர்களில் பலருக்கும் தெரிந்த செய்திகள். ஆகவே, ‘ஸ்க்ரம் என்றால் என்ன’ என்று தொடங்கும் முன்மொழிவு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் தேர்வாவது கடினம். ஒரு குழு எந்த நெருக்கடியில் எதை மாற்றியது, அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் தேர்வுக் குழுவினர் தேடுகிறார்கள். இதற்கென்றே ‘அனுபவ அறிக்கை’ என்ற பிரிவு பல மாநாடுகளில் உண்டு. முதன்முறை பேசுபவர் அதில் விண்ணப்பிப்பதே நல்லது.

எங்கள் குழு ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்காக, தோல் லாட்டுகள் (ஒன்றாகப் பதனிடப்படும் தொகுதிகள்) குரோமியத்தில் பதனிட்ட ஈரமான வெட் புளூ நிலையிலிருந்து, உலர்ந்த கிரஸ்ட், இறுதி மெருகூட்டலான ஃபினிஷிங் என்று நகர்வதைப் பதிவுசெய்யும் மென்பொருளை உருவாக்கி வந்தது. ஒவ்வொரு ஸ்பிரிண்ட் (சில வார வேலைக் கட்டம்) முடிவிலும், செய்ததை வாடிக்கையாளருக்குக் காட்டும் ரிவியூவுக்கு அங்கிருந்து வந்தவர் கணக்குப் பிரிவு அலுவலர் ஒருவரே. நாங்கள் காட்டியதற்கெல்லாம் அவர் தலையசைத்தார்; ஆனால் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் அருகில் நின்று வேலை வாங்கும் மேற்பார்வையாளரோ மென்பொருளைத் தொடவே இல்லை. எனவே ரிவியூவையே தொழிற்சாலைக்குள் கொண்டுபோனோம். மேற்பார்வையாளர் ஈர ரப்பர் கையுறையுடன் டேப்லெட் திரையை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையுறையைக் கழற்றி, சட்டையில் விரலைத் துடைத்து, லாட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் தட்டி முடிக்கும்வரை எங்கள் டெவலப்பர்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஸ்பிரிண்டிலேயே தட்டச்சு போய் பார்கோடு ஸ்கேனர் வந்துவிட்டது.

என் உரை இவ்வளவுதான். வணிகத் தரப்பினரும் டெவலப்பர்களும் அன்றாடம் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்று அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று கூறுகிறது. அந்தத் தரப்பில் யார் வந்து அமர வேண்டும் என்பதைக் குழுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரைக் காணொளி அழைப்பில் மட்டுமே பார்க்கும் பெருநகரக் குழுக்களுக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. பயனர் பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள பெரிய வசதி என்பதால், முன்மொழிவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள்.

அஜைல் இந்தியா போன்ற மாநாடுகளின் முன்மொழிவுகளைக் கான்ஃப்எஞ்சின் (ConfEngine) என்ற இணையதளத்தில் எவரும் படிக்கலாம். தேர்வானவற்றில் சிலவற்றைப் படித்த பிறகு எழுத உட்காருவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய கவலை வேண்டாம் (அரங்கில் பாதிப் பேருக்கு அதே கவலைதான்). அலுவலகத்தில் நண்பர்கள் முன் கடிகாரத்தை வைத்துப் பேசிப் பார்த்தால் போதும்.

உரை முடிந்ததும் ஊர் திரும்பிவிடாதீர்கள். எதைப் பேசுவது என்பதை வந்தவர்களே முடிவுசெய்து வட்டமாக அமர்ந்து பேசும், ஹாரிசன் ஓவன் வகுத்த ‘ஓபன் ஸ்பேஸ்’ அமர்வுகள் நடந்தால் கட்டாயம் போங்கள். கற்கவோ பங்களிக்கவோ ஒன்றும் இல்லையென்றால் எழுந்து அடுத்த வட்டத்துக்குச் செல்லலாம் என்பது அங்கே விதியாகவே இருப்பதால், புதியவர்களுக்கும் கூச்சம் இருப்பதில்லை. கணக்குப் பிரிவு அலுவலர் மனம் கோணாமல் மேற்பார்வையாளரை எப்படி உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டது அப்படிப்பட்ட ஒரு வட்டத்தில்தான்; என் உரையைவிட அந்த விவாதமே நீண்டது.

விண்ணப்பிக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கிவிடுங்கள். தோல் ஏற்றுமதியில் இருப்பவர்கள், வாங்குபவரின் பெயரும் விலையும் வெளியே போவதை விரும்பமாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் லாட் எண்ணுக்குப் பக்கத்திலேயே அவை இரண்டும் இருக்கும்.