நரம்பு வலி மாத்திரை: பயமும் பழக்கமும்

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. டாக்டர் பிரிகாபலின் கொடுத்தார். "அது போதை மாத்திரை" என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். நான்கு நாள் தூக்கமில்லை, வியர்வை, குமட்டல். நான் அடிமையாகிவிட்டேனா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

இல்லை அம்மா. தொடர்ந்து சாப்பிட்ட மருந்துக்கு உடம்பு பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் முரண்டு பிடிக்கிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இப்படித்தான். அடிமைத்தனம் வேறு: வலி இல்லாதபோதும் தேடுவது, தானாகவே அளவைக் கூட்டுவது, வீட்டாருக்குத் தெரியாமல் வாங்குவது. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மருந்தை விட வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறையுங்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இந்த மருந்தைப் போதைக்காக விழுங்குபவர்கள் உண்டு. மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்தும் இதே எரிச்சல் வரலாம். அதையும் பார்த்துவிடுங்கள்.

எரிச்சலைவிடப் பாதம் மரத்துப்போவதுதான் எனக்குக் கவலை. அதற்கான பரிசோதனை எளிது. கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை அது வளையும் வரை உள்ளங்காலில் அழுத்துவார்கள். பட்டது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் மாந்தோப்பில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதற்காகக் கால் பரிசோதனைக்குக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்களை என்ன சொல்வது!

இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கிறது. ஒரு ஊசியும் காகிதத்தில் மடித்த கலர் மாத்திரைகளும் வாங்கினால் இரண்டு நாள் தக்காளி பறிக்கலாம். பிறகு பழைய கதை. தொடரலாமா?
– விவசாயி, பாலக்கோடு

வேண்டாம். அட்டை இல்லாத மாத்திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படித் தரும் கலவையில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அடிக்கடி சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் நரம்பு வலியைப் பெரிதாகத் தொடுவதில்லை. வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் தொடுகின்றன. மருந்தின் பெயர் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் கழிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, அன்றே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தண்டுவட அறுவைச் சிகிச்சைக்குப் பின் கணவருக்கு டிரமடால் என்ற வலி மாத்திரை தருகிறார்கள். ஒரு மாத அட்டை இருபதாம் நாளே தீர்ந்துவிடுகிறது. கல்லூரி மகன்மீது சந்தேகமாக இருக்கிறது.
– வாசகி, ஓசூர்

முதலில் கணவரைக் கேளுங்கள். வலி அடங்காமல் அவரே கூடுதலாக விழுங்கியிருக்கலாம். பல வீடுகளில் திருடன் அவர்தான். அப்படியென்றால் மருந்தை மாற்ற வேண்டும், அவரைத் திட்டுவதில் பயனில்லை. அவர் இல்லையென்றால் மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வையுங்கள். வேளைக்கு வேளை உங்கள் கையால் கொடுங்கள். மகனிடம் கத்தினால் ஒளிப்பதுதான் கூடும். 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் விற்பதே குற்றம், நண்பனுக்குக் கொடுப்பது விளையாட்டல்ல. அளவு மீறினால் வலிப்பு வரும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் உடனே 108.

அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்து, காவியால் எழுதினோம். புண் ஆறிவிட்டது, ஆறு மாதமாகியும் வலி ஆறவில்லை.
– வாசகர், அரூர்

அக்கி வைரஸ் நரம்பைக் காயப்படுத்திவிட்டுப் போயிருக்கிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவதே நல்லது. காவி நரம்புவரை போகாது. இப்போது இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் உதவலாம், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கமோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; இந்த மருந்தில் சிறுநீர் அடைக்கக்கூடும்.