கேள்வி பதில்: கோழையின் கவிதைகளும் ஒரு வெள்ளாட்டுக்குட்டியும்

பெருமாள்முருகன் கவிதையும் எழுதியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. நாவலாசிரியர் கைப்பழக்கத்துக்கு எழுதுகிற கவிதைகள்தானே? அவசியம் படிக்க வேண்டுமா?

படிக்க வேண்டும். அவர் கவிதையைக் கைப்பழக்கம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2015 ஜனவரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2010இல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம், கடையடைப்பு, அப்புறம் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. அது முடிந்ததும் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டும்தான் இருப்பான் என்று அறிவித்துவிட்டார். தன் புத்தகங்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களிடமும் கேட்டுக்கொண்டார். முதலில் கொஞ்ச காலம் ஒரு வரிகூட எழுத முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகு அவரிடம் திரும்பி வந்தது நாவல் அல்ல, கவிதைதான். யாரும் படிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதியவை, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நீங்கள் எழுதுங்கள் என்று சொன்ன பிறகு, 'கோழையின் பாடல்கள்' என்ற தொகுப்பாக வந்தன.

கோழையைப் பற்றிய அந்தக் கவிதையைப் படித்துப் பாருங்கள். கோழையால் யாருக்கும் துன்பமில்லை, கோழையால் எங்கேயும் கலவரம் மூள்வதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். முதல் வாசிப்பில் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிற மாதிரித் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோதுதான், கோழை செய்யாத இத்தனையையும் செய்தது யார் என்ற கேள்வி உறைத்தது. ஒருவரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை, ஆனாலும் கணக்கு முழுதாக வந்துவிட்டது. இதே விஷயத்தை நாவலாக எழுதியிருந்தால் முந்நூறு பக்கம் ஆகியிருக்கும், இவ்வளவு கூர்மையாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவருடைய நாவல்களில் முதலில் எதைப் படிக்கலாம்? கொங்குப் பேச்சு எனக்குப் பிடிபடுமா?

பிடிபடும், பயப்படாதீர்கள். பத்துப் பக்கம் போனால் காது பழகிவிடும். 1966இல் பிறந்து திருச்செங்கோட்டுப் பக்கம் வளர்ந்தவர், கொங்கு வட்டாரச் சொற்களைச் சேகரித்து ஒரு சொல்லகராதியே போட்டவர். அதனால் ஒரு சொல்லும் அலங்காரத்துக்காக வந்து உட்கார்ந்திருக்காது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனின் கதையான 'கூளமாதாரி'யைத்தான் நான் அவருடைய ஆகச் சிறந்த நாவல் என்பேன். ஆனால் தொடக்கத்துக்கு அது வேண்டாம், 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யை எடுங்கள். மௌனத்துக்குப் பிறகு வந்த நாவல் அது. முன்னுரையிலேயே, மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுதவோ பெரும் பயம் என்கிறார். எனக்குத் தெரிந்த விலங்குகளில் நாயும் பூனையும் கவிதைக்கு, மாட்டையும் பன்றியையும் பற்றி எழுதக் கூடாது, மிச்சம் இருப்பது ஆடுதான் என்கிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உள்ளே ஒரு காட்சி. பூனாச்சி கைக்குள் அடங்குகிற கறுப்புக் குட்டி, அதற்குக் காது குத்தி அரசாங்கக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெயிலில் நீள வரிசை. குட்டி ஏது, எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் குடைகிறார்கள், அதை வளர்க்கும் கிழவி பதில் சொல்லத் தடுமாறுகிறாள். வரிசையில் நிற்கிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறார்கள். ஆட்டைப் பற்றி எழுதினால் தொந்தரவில்லை என்று சொன்னவர் எழுதிய பக்கங்கள் இவை.

'மாதொருபாகன்' நாவலுக்கு ஏன் இரண்டு தொடர்ச்சிகள்?

குழந்தையில்லாத தம்பதியான காளி, பொன்னாவின் கதை அது. நாவலின் முடிவில் காளி என்ன ஆனான் என்று சொல்லப்படவில்லை. அவன் செத்துப்போயிருந்தால் பொன்னாவின் வாழ்க்கை எப்படிப் போகும் என்பது 'ஆலவாயன்', பிழைத்திருந்தால் என்பது 'அர்த்தநாரி'. முதல் நாவலைப் படித்த கையோடு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பொன்னாவுக்காக நான் 'ஆலவாயன்' பக்கம்.

அவருக்கு எந்த நாவலுக்கு ஜேசிபி பரிசு கிடைத்தது?

இந்தியப் புனைகதைக்கான அந்தப் பரிசு கிடைத்தது 'ஆளண்டாப் பட்சி'க்கு, 2023இல். ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கிடைத்தது. அதே ஆண்டு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது 'பூக்குழி'. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட குமரேசன், சரோஜாவின் கதை. குமரேசன் சோடாக்கடையில் வேலை செய்கிறவன். எழுத்தாளரின் அப்பாவே திரையரங்கில் சோடாக்கடை வைத்திருந்தவர் என்பது தெரிந்தால் அந்தப் பக்கங்களில் பாட்டில் சத்தமே கேட்கும்.

என் அப்பா சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை. அவருக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

'பூனாச்சி'யின் முதல் அத்தியாயத்தை நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். குட்டிக்குப் பால் புகட்டும் இடம் வரும்போது நிறுத்தி, இப்படித்தான் செய்வீர்களா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், நான் தெரிந்துகொள்ள வேண்டும்.