ஐ.ஐ.டி. முதலாண்டு: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

பாலக்காடு ஐ.ஐ.டி.யில் இந்த ஆண்டு சேர்பவர்கள், அவர்கள் வீட்டார் கடிதங்களிலிருந்து சில.

எந்த லேப்டாப் வாங்கலாம்? (கொழிஞ்சாம்பாறை)

எந்தப் பிரிவு என்று எழுதவில்லை, எவ்வளவு செலவழிக்கலாம் என்றும் எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்க முடியும்? 16 ஜிபி ரேம் இருந்தால் முதலாண்டு ஓடிவிடும். அறுபதாயிரத்தைத் தாண்டாதீர்கள்.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பு புரியுமா? (சித்தூர் மாணவி)

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் முதல் கட்டமான ஜே.இ.இ. மெயினைத் தமிழிலும் எழுதலாம். இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். அதையே தாண்டி வந்தவருக்கு இதென்ன பயம்? பேச்சின் வேகம்தான் முதல் மாதம் படுத்தும். மறுநாள் பாடத்தை முந்தின ராத்திரியே புத்தகத்தில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமென்றால் பேராசிரியர் அறைக்குப் போய்க் கேளுங்கள். கணக்குப் போட்டுப் பழகும் வகுப்பான ட்யூட்டோரியலை விடாதீர்கள்.

வீடு வேலந்தாவளம். பையனை வெள்ளி மாலை கூட்டி வந்து திங்கள் காலை கொண்டுபோய் விடலாமா?

கூடாது. ஆண்டு தவறாமல் இதே கேள்வி வருகிறது, நானும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி. இருக்கும் கஞ்சிக்கோடு கூப்பிடு தூரத்தில் இருப்பதே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வினையாகிவிட்டது. வங்காளத்துக் கரக்பூர் ஐ.ஐ.டி.க்குப் போன பையன் வேறு வழியில்லாமல் ஹாஸ்டலில் கிடந்து படிக்கிறான். ட்யூட்டோரியல் ஷீட்டில் நாலைந்து கணக்காவது ஒற்றை ஆளுக்கு மசியாது. சனி ராத்திரி ஓர் அறையில் நாலு பேர் கூடுவார்கள். ஒருவன் கால்குலஸில் வரும் எப்சிலான்-டெல்டா நிரூபணத்தை எழுதி முடிப்பான். இன்னொருவன் ‘உன் டெல்டாவுக்குள்ளே எக்ஸ் எப்படிடா வந்தது?’ என்று மடக்குவான். கால்குலஸ் மண்டையில் ஏறுவது அந்தச் சண்டையில்தான். அந்நேரம் உங்கள் பையன் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். திங்கட்கிழமை யார் நோட்டையோ பார்த்து எழுதிக் கொடுப்பான், குவிஸில் முழிப்பான்.

யார் யாரோடு உட்கார்ந்து படிப்பது என்பது முதல் மாதத்திலேயே முடிவாகிவிடும். அப்புறம் போய் ஒட்டுவது கஷ்டம். கோச்சிங்கில் தனியாகப் படித்தே ஜெயித்தவர்களுக்கு இது உறைப்பதில்லை. பெற்றோருக்கோ சுத்தமாக உறைப்பதில்லை. ஓணம், தீபாவளி, காய்ச்சல் – இதற்கெல்லாம் வரட்டும். மனசு கேட்கவில்லையா, ஞாயிறு மதியம் நீங்கள் போய்ப் பார்த்து, முறுக்கைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பி வாருங்கள்.

முதல் செமஸ்டரை விட்டாலும் பிறகு பிடித்துவிடலாமாமே?

யார் சொன்னது? முதல் செமஸ்டரில் பத்துக்கு 6 கிரேடு புள்ளி வாங்கினால், அதே கிரெடிட் (பாடங்களின் எடை) உள்ள இரண்டாவதில் 10 வாங்கினால்தான் சராசரி 8. பத்து வாங்குவது எத்தனை பேரால் முடியும்? மறுபடியும் சொல்கிறேன், ட்யூட்டோரியலை விடாதீர்கள்.

சேர்ந்தபின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்தானே? (கோபாலபுரம்)

அதை நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில ஐ.ஐ.டி.கள் பிரிவு மாற்றத்தையே எடுத்துவிட்டன.

சீனியர்கள் தொல்லை கொடுத்தால்?

கேரளத்தில் 1998 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது; இரண்டாண்டு வரை சிறை. வார்டனிடம் சொல்லுங்கள், தேசிய உதவி எண் 1800-180-5522-லும் சொல்லலாம். ‘போகட்டும், விளையாட்டுக்குத்தான்’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

குடையா, ரெயின்கோட்டா?

ரெயின்கோட். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதல் வாரத்திலேயே குடையைத் திருப்பிப் போட்டுவிடும். துணியும் லேசில் காயாது, இரண்டு செட் கூடுதலாக எடுத்துப் போங்கள்.