மூன்று சரக்குக் கஷாயமும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: எனக்கு 47 வயது, சிங்கப்பூரில் இருக்கிறேன். மாதவிடாய் நிற்கும் சமயம். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, தூக்கம் பிடிப்பதில்லை. எட்டு மாதமாக மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ரலின் 50 மி.கி. சாப்பிடுகிறேன், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு. சின்சே (சீன மருத்துவர்) ஒருவர் கோதுமை, சிவப்புப் பேரீச்சை, அதிமதுரம் போட்ட கஷாயம் சொன்னார். வீட்டிலேயே வைக்கலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். கஷாயத்தையும் இப்போது அடுப்பில் ஏற்ற வேண்டாம். சிக்கல் அதிமதுரத்தில்தான்.

சின்சே சொன்ன கஷாயத்தின் பெயர் ‘கான் மாய் தா ட்சாவ் தாங்’. சீனாவின் ஹான் வம்சக் காலத்து வைத்தியர் சாங் சோங்சிங் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தது. இது தேவைப்படும் பெண் பேய் பிடித்தவள்போல அழப் பார்ப்பாள், அடிக்கடி கொட்டாவி விடுவாள் என்று அவர் அடையாளம் சொல்கிறார். உங்களைப் பார்த்ததும் சின்சேக்கு இது நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. சீன மருத்துவக் கணக்கில் மனம் குடியிருப்பது இதயத்தில். ஓயாத கவலை மண்ணீரலைக் கெடுக்கும், இதயத்துக்கு ஊட்டம் குறையும், மனம் தங்க இடமின்றி அலையும். அதனால்தான் இனிப்பான உணவுச் சரக்காகவே கொடுக்கிறார்கள். குணம் உண்டா என்றால், நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை; அடித்துச் சொல்ல முடியாது.

இன்றைய வழக்கில் ஒரு நாள் அளவு: அதிமதுரம் 9 கிராம், முழுக் கோதுமை 30 கிராம், பழம் பத்து. அரை மணி ஊறவைத்து, 600 மி.லி. தண்ணீரில் சிறுதீயில் பாதியாகச் சுண்டவைத்து, இரண்டு வேளை வெதுவெதுப்பாகக் குடிப்பது. பாத்திரம் மண்சட்டியோ எவர்சில்வரோ. இரும்பும் அலுமினியமும் ஆகாது. பழத்தைக் கீறாமல் போட்டால் சாறு இறங்காது. கோதுமை மாவைப் போட்டால் அடிப்பிடிக்கும். பேர்தான் பேரீச்சை, பழம் இலந்தை இனம். தேக்கா சந்தையில் வாங்கும் பேரீச்சம்பழம் இதற்கு ஈடாகாது.

இனி அதிமதுரம். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அடங்காத கார்ட்டிசாலால் உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். உங்கள் பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதுதான். இரண்டும் சேர்ந்தால் தசை பலவீனம், இதயத் துடிப்புத் தடுமாற்றம் வரை போகலாம். ஐரோப்பிய உணவு அறிவியல் குழு நாளுக்கு 100 மி.கி. கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று 2003-இல் சொன்னது. அதிமதுரத்தில் குறைந்தது இவ்வளவு கிளிசிரைசின் வேண்டும் என்று சீன அரசின் மருந்துத் தர நூல் கேட்கும் 2 சதவீதத்தை வைத்துப் பார்த்தாலும் 9 கிராமில் 180 மி.கி. இருக்கிறது. அத்தனையும் தண்ணீரில் இறங்காது என்றாலும், வாரக்கணக்கில் குடிக்கும் அளவல்ல இது. அதிமதுரத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இனிப்புக் கஞ்சித்தண்ணீர். சர்க்கரை நோய் இல்லையென்றால் தாராளமாகக் குடிக்கலாம்.

செர்ட்ரலினைத் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்ததுபோன்ற வெட்டு வரலாம். அதை ‘நோய் திரும்பிவிட்டது’ என்று எண்ணிப் பயப்படுபவர்கள் நிறைய. எட்டு மாதமாகியும் அழுகை நிற்கவில்லை என்றால் 50 மி.கி. போதுமா, மாதவிடாய் மாற்றத்துக்குத் தனியாக ஏதும் தர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சின்சேயிடமும் மறைக்காதீர்கள். இரண்டு மாத்திரைப் பெயரையும் காட்டி, சரக்கும் கிராம் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் பதிவுபெற்றவரா என்பதைச் சீன மருத்துவர் வாரியப் பட்டியலில் பார்க்கலாம். ஏற்கெனவே சில நாள் குடித்திருந்தால், கால் வீக்கமோ கைகால் சோர்வோ இருக்கிறதா கவனியுங்கள். இருந்தால் அன்றே மருத்துவரிடம் போய்ப் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள்.