கண்ணுக்குக் கீழே தங்கிவிட்ட வீக்கம்

கேள்வி: எனக்கு வயது 36. தங்கையின் திருமணத்துக்கு முன்பு, கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளத்தை நிரப்புவதற்காக ஓர் அழகு சிகிச்சை மையத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதம் ஆன பிறகு, இரவெல்லாம் அழுதவள் போலக் காலையில் இரண்டு கண்களின் கீழும் உப்பியிருக்கிறது. நீல நிறமும் தெரிகிறது. "ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும், கன்னத்திலும் கொஞ்சம் போட்டால் சமமாகிவிடும்" என்கிறார்கள் மையத்தில். கரைக்கும் ஊசி போட்டால் சொந்தத் தோலும் கரைந்து முகம் தொங்கிவிடும் என்கிறாள் தோழி. கணவரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் தங்கைக்கு வளைகாப்பு. என் பழைய முகம் திரும்பக் கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்களுக்குப் போடப்பட்டது ஹையலூரானிக் அமில ஃபில்லராக இருந்தால், உங்கள் பழைய முகம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: கன்னத்தில் இப்போது எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓரிடத்தில் கூடிப்போனதை மறைக்க இன்னோரிடத்தில் கூட்டிக்கொண்டே போனவர்கள், சில ஆண்டுகளில் தங்கள் முகத்தின் அளவையே மறந்துவிட்ட நிலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹையலூரானிக் அமிலம் நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் பொருள். கண்ணுக்குக் கீழே உள்ள தோலோ, உடலிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று. அங்கே நிணநீர் வடிவதும் மந்தமாகவே நடக்கும். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது அந்த இடத்தில் நீர் சேர்வதாலும், உள்ளே இருக்கும் ஃபில்லர் ஜெல் அதை விடாமல் வைத்துக்கொள்வதாலும்தான், காலையில் உப்பி, பிற்பகலில் ஓரளவு வடிந்துபோகிறது. நீல நிறத்துக்குக் காரணம் வேறு. ஜெல் தோலின் மேல்மட்டத்துக்கு மிக அருகில் தங்கிவிட்டால், அதன் மேல் விழும் ஒளியில் நீலக்கதிர்கள் அதிகமாகச் சிதறி வெளியே வரும். டின்டால் விளைவு என்பது இதுதான். இது கருவளையமன்று என்பதால், கருவளையத்துக்கான களிம்பு எதுவும் இதைக் குறைக்காது.

"ஒரு வருடத்தில் கரைந்துவிடும்" என்ற வார்த்தையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லர் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே இருப்பது எம்.ஆர்.ஐ. படங்களில் காணப்பட்டிருக்கிறது. அதிகம் அசையாத இடம் என்பதால் அங்கே கரைவு மிக மெதுவாகவே நடக்கிறது.

ஒரு வாரத்துக்கு, தினமும் காலை எழுந்தவுடனும் மாலை நான்கு மணிக்கும், ஒரே ஜன்னலின் முன் நின்று, மை இல்லாமல், ஃப்ளாஷ் இல்லாமல், நேராகப் பார்த்தபடி ஒரு படம் எடுத்து வையுங்கள். காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவர் அதில் தெளிவாகப் பார்ப்பார். கூடவே, தைராய்டுக்கும் சிறுநீரகத்துக்கும் உரிய எளிய பரிசோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. கண் வீங்கினால் பழியெல்லாம் ஃபில்லருக்கே போய்விடக் கூடாது.

இனி, கரைக்கும் ஊசி. அதில் இருப்பது ஹையலூரானிடேஸ் என்ற நொதி. கண்புரை அறுவைக்கு முன் மரத்துப்போக வைக்கும் ஊசியோடு கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சேர்த்துப் போட்டுவரும் மருந்துதான் இது. ஓரிரு நாளிலேயே பலன் தெரியும். உங்கள் தோழியின் பயத்தில் சிறிது உண்மை உண்டு: நம் உடலின் சொந்த ஹையலூரானிக் அமிலத்தையும் இந்த நொதி ஓரளவு தொடும். ஆனால் உடலில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும் அந்தப் பொருளில் மூன்றில் ஒரு பங்கு தினந்தோறும் அழிந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பதால், அந்த இழப்பை உடல் விரைவில் ஈடுகட்டிவிடும். குறைந்த அளவில் போட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, தேவையானால் மட்டும் மறுபடி போடும் மருத்துவரிடம் செல்லுங்கள். தேனீயோ குளவியோ கொட்டிக் கடுமையான ஒவ்வாமை வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவற்றின் நஞ்சிலும் இதே வகை நொதி உண்டு.

கரைத்த முதல் சில நாட்களில் ஊசி போட்ட இடம் சற்று வீங்கும். அது வடிந்ததும் பழைய பள்ளம் முன்பைவிட ஆழமாகத் தோன்றலாம். எட்டு மாதம் நிரம்பிய முகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தெரிவது இயல்பு. அந்த நாட்களில் கண்ணாடி முன் நின்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஃபில்லர் போடுவதற்கு முன் எடுத்த படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவையெல்லாம் ஹையலூரானிக் அமிலத்துக்கு மட்டுமே பொருந்தும். கால்சியம் கலந்த ஃபில்லரோ சிலிக்கானோ இந்த நொதிக்குக் கரையாது. அவற்றுக்கு வழி வேறு. ஆகவே என்ன போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஃபில்லர் பெட்டியில், பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். அந்தப் பக்கத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. தர மறுத்தால், ஊசி போட்டவர் தகுதி பெற்ற மருத்துவர்தானா என்ற கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கும். சீட்டு கிடைக்காவிட்டாலும், ஃபில்லர் எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியும்.

அதுவரை அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவோ ஆவி பிடிக்கவோ வேண்டாம். சிவந்து, சூடாகி, வலித்தால் அது தொற்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஃபில்லர் போட்டவுடனோ ஓரிரு நாளிலோ கடும் வலி, தோல் வெளுப்பது, வலை போன்ற நீலத் திட்டுகள், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும், அது இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறி. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கணவரிடம் சொல்லிவிடுங்கள் என்றே நான் கேட்டுக்கொள்வேன். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும் நாளில் அதை மறைத்து, யாருக்கும் தெரியாமல் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பது வீண் துன்பம். பதிவேட்டு நகலுக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரையோ சந்தித்தால், இரண்டு தவணை தேவைப்பட்டாலும் வளைகாப்புக்குள் முடித்துவிட அவகாசம் இருக்கிறது.