ஆடிப் பட்டத்துக்கு ஆனியிலேயே மெயில்

கேள்வி: மாடித் தோட்டத்துக்கான நாட்டுக் காய்கறி விதைகளை வீட்டிலிருந்தே விற்கிறேன். எந்த மாதம் எதை விதைக்கலாம் என்று ஓர் அட்டவணை தயாரித்து, மெயில் முகவரி கொடுத்தவர்களுக்கு இலவசமாக அனுப்பினேன். இரண்டு வருடத்தில் 2,300 பேர் சேர்ந்துவிட்டார்கள். வாராவாரம் தோட்டக் குறிப்பும் அனுப்புகிறேன். 'அருமை', 'பயனுள்ள தகவல்' என்று பதில் வருகிறது. ஆனால் இதுவரை விதை வாங்கியவர்கள் 41 பேர்தான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் இணைத்திருந்த ஆறு மெயில்களையும் முழுசாகப் படித்தேன். மாவுப்பூச்சி விழுந்த செம்பருத்தியை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று எழுதியிருந்ததை என் வீட்டுச் செடிக்காகக் குறித்தே வைத்துக்கொண்டேன். ஆனால் நீங்கள் விதை விற்பவர் என்பது அந்த ஆறு மெயிலிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் உங்கள் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், 'விதைகள் கிடைக்கும்' என்று. என்ன விதை, என்ன விலை, பணம் எப்படி அனுப்புவது, எத்தனை நாளில் வந்து சேரும், ஒன்றும் இல்லை.

விலை சொல்லக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது இருந்தது. மதுரையில் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்தபோது, முடிச்சு போடுவது பற்றியும் சாயம் பற்றியும் பக்கம் பக்கமாக மெயில் எழுதுவேன். விலையைப் போட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு நினைப்பு. ஒரு வருடம் கழித்து ஒரு அம்மா போன் செய்து, "நீங்க சேலை விக்கிறீங்களா, இல்ல சேலையைப் பத்தி எழுதுறது மட்டும்தானா?" என்று கேட்டார். அவருக்கு வாங்கும் எண்ணம் முதல் மாதமே இருந்திருக்கிறது. எப்படி வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் தொழிலில் காலம் உங்களுக்கு ஒத்தாசை செய்கிறது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. விதைக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் தானாகவே வரும். அப்போது கையில் விதை இருக்க வேண்டும் என்றால், மெயில் ஆனி மூன்றாம் வாரமே போயிருக்க வேண்டும். அந்த மெயிலில் குறிப்பு, கதை எதுவும் வேண்டாம். 'ஆடிக்கு விதைக்க ஐந்து பொட்டலம்: கத்தரி, வெண்டை, பாகல், அவரை, கொத்தவரை. தபால் செலவோடு சேர்த்து 150 ரூபாய்' என்று உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையைப் போட்டு, பணம் கட்டும் லிங்க்கையும் கொடுங்கள். போதும். உங்கள் பட்டியலில் 46 வகை இருக்கிறது. புதிதாகத் தொட்டி வாங்கியவர் அதைப் பார்த்தால் 'அப்புறம் நிதானமாகப் பார்ப்போம்' என்று மூடிவிடுவார். தேர்ந்தெடுக்கும் வேலையை நீங்களே செய்து கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பயம். விதை வாங்கத் தயங்குகிறவர் மனதில் இருப்பது விலை இல்லை, 'முளைக்குமா?' என்ற கேள்விதான். எங்கேயோ வாங்கிய பொட்டலம் முளைக்காமல் போன அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும். இதற்கு வாயால் உறுதி சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு வகையிலும் பத்து விதை எடுத்து, ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஏழாம் நாள் பிரித்துப் படம் எடுங்கள். வெண்டை பத்துக்கு ஒன்பது, கத்தரி பத்துக்கு ஏழு என்றால் அப்படியே, தேதியோடு போடுங்கள். கத்தரிக்கு இன்னும் சில நாள் கூடப் பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். வெள்ளைத் துணியில் வேர் விட்டுக் கிடக்கும் அந்த ஒரு படம், நீங்கள் எழுதும் நூறு வரிக்குச் சமம்.

அதற்கு முன்னால், அடுத்த வாரமே எல்லோருக்கும் இரண்டே வரியில் ஒரு மெயில் போடுங்கள்: 'உங்கள் மாடியில் எத்தனை தொட்டி இருக்கிறது? இதுவரை எது முளைக்காமல் போனது?' பதில் போடுகிறவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். 2,300 என்ற எண்ணை மறந்துவிட்டு, இவர்கள் பெயரைத் தனியாக எழுதுங்கள். ஒரே ஒரு தொட்டி உள்ளவருக்கும் மாடி முழுக்கப் பந்தல் போட்டவருக்கும் ஒரே மெயில் பொருந்தாது. சிலர் துபாயில், சிங்கப்பூரில் இருப்பார்கள். வெளிநாட்டுக்கு விதை அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் அது இது என்று நடைமுறைகள் உண்டு. ஒரு பொட்டலத்துக்காக அதில் இறங்க முடியாது. ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி அவர்கள் தாராளமாக வாங்குவார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள்.

வாங்கிய 41 பேரை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. விதை போய்ச் சேர்ந்த நாலாம் நாள், 'விதைத்தாச்சா?' என்று கேளுங்கள். பத்தாம் நாள், முளைக்காதவர்களுக்கு என்ன காரணம் இருக்கலாம் என்று எழுதுங்கள்; பெரும்பாலும் ஆழமாகப் புதைத்திருப்பார்கள், இல்லையென்றால் தண்ணீர் தேங்கியிருக்கும். சிறகு அவரை வாங்கியவர்களுக்குப் புரட்டாசியில் ஒரு மெயில் கட்டாயம் போக வேண்டும். அது பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தவர், கொடி மட்டும் காடாகப் படர்ந்து பூவே வரவில்லை என்று கோபத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார். 'பிடுங்காதீர்கள், பொறுங்கள்' என்று சரியான நேரத்தில் சொன்னவரிடம்தான் அவர் தைப் பட்டத்துக்கும் விதை வாங்குவார்.

தள்ளுபடி பற்றி ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஒரு தீபாவளிக்கு முன் நான் எல்லோருக்கும் 20 சதவீதத் தள்ளுபடி என்று மெயில் தட்டிவிட்டேன். நாலு நாள் முன்புதான் 1,450 ரூபாய் முழு விலை கொடுத்து ஒரு ஆசிரியை வாங்கியிருந்தார். 'முதலில் நம்பி வாங்கியவர்களுக்கு இதுதான் மரியாதையா?' என்று ஒரே வரியில் பதில் போட்டார். 290 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். அவரை மாதிரி இன்னும் ஆறு பேருக்கும் அனுப்பினேன். அதன் பிறகு சலுகை எதுவானாலும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத்தான் முதலில். உங்களுக்கு அதுகூட வேண்டாம், முளைக்காத விதைக்கு வேறு பொட்டலம் என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சலுகை இந்தத் தொழிலில் இல்லை.

கடைசியாக, சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்தா அனுப்புகிறீர்கள்? அதில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். சொந்த டொமைன் (உங்கள் கடைப் பெயரிலான இணைய முகவரி) வாங்கி, மெயில் அனுப்பும் சேவை ஒன்றில் சேருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் அமைப்புகளைச் சரியாகச் செய்யாத மெயில் ஸ்பேமுக்குப் போகும், திரும்பியும் வரும். டொமைன் வாங்கிய இடத்திலேயே கேட்டால் செய்து தருவார்கள்.

கேள்வி: ஆன்லைனில் வீணை கற்றுத் தருகிறேன். என் மெயில்களை ஆறு மாதமாகத் திறக்கவே இல்லை என்று காட்டும் பெயர்களை நீக்கிவிடலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள். மெயிலுக்குள் இருக்கும் ஒரு சின்னப் படம் இறங்கினால்தான் அது 'திறந்தார்' என்று கணக்கில் ஏறும். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு வசதியால், படிக்காதவர் திறந்ததாகவும் கணக்கில் வரும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் படித்தாலும் திறக்காதவராகத் தெரிவார். லிங்க்கைத் தட்டியவர், பதில் போட்டவர், மாதிரி வகுப்புக்கு வந்தவர் யார் யார் என்று பாருங்கள். மற்றவர்களுக்கு, 'இன்னும் அனுப்பட்டுமா? வேண்டும் என்றால் இதைத் தட்டுங்கள்' என்று ஒரு மெயில் போட்டு, இரண்டு வாரம் பொறுத்து நீக்கலாம். பழைய மாணவர்கள் என்றால் நீக்குவதற்கு முன் ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: 10,000 மெயில் முகவரிகளை 3,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். என் செக்கு எண்ணெய் வியாபாரத்துக்கு வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட உங்களிடம் முகவரி கொடுக்கவில்லை. அவர்கள் ஸ்பேம் என்று அழுத்த அழுத்த, உங்கள் பழைய வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழும். இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாயிற்று. சம்மதம்தான் அதன் அடிப்படை. அந்த 3,000 ரூபாய்க்கு 100 மில்லி பாட்டில் வாங்கி, கடைக்கு வருகிறவர்களுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுங்கள். 'அடுத்த செக்கு ஆட்டும் நாளை மெயிலில் சொல்லட்டுமா?' என்று கேட்டு, அவர்கள் கையாலேயே நோட்டில் முகவரியை எழுதச் சொல்லுங்கள்.