தழும்பும் மூக்கும் ஒரே நாளிலா?

கேள்வி: 2009 இல் மாத்தளனில் ஷெல் துண்டு பட்டபோது எனக்கு ஒன்பது வயது. இடது காதுக்கு முன்னாலிருந்து கடைவாய் வரை தழும்பு. உள்ளே சின்னத் துண்டொன்று இருப்பது எக்ஸ்றேயில் தெரிந்தது. கனடாவிலிருந்து அண்ணா காசு அனுப்புகிறேன் என்கிறார். கலியாணத்துக்கு முதல் தழும்பை எடுத்து, மூக்கையும் ஒரே நாளில் திருத்தலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, தழும்பை 'எடுக்க' ஏலாது. பழைய தழும்பை வெட்டி, அதைவிட மெல்லிய தழும்பு வருகிற மாதிரித் தைப்பார்கள், அவ்வளவுதான். அதுவும் முதலில் சிவந்து தடித்துத்தான் நிற்கும். மங்க ஒரு வருஷமாவது எடுக்கும். அதுவரை வெயில் படக்கூடாது. புதுக்குடியிருப்பில் அது லேசான காரியமா?

இன்றைக்கே காது குத்தின இடத்தைப் பின்பக்கமாகத் தடவிப் பாரும். உருண்டு தடித்திருந்தால் டொக்டரிடம் முதல் அதைக் காட்டும். எங்கட நிறத் தோலில் சிலருக்குக் காயம் ஆறின பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகும். கீலாய்ட் என்பார்கள். முப்பது வருஷம் காயங்களுக்கு மருந்து கட்டின எனக்கே அது வந்தது. தோளில் மிளகளவு மச்சம், வடிவில்லை என்று வெட்டுவித்தேன். இப்போது அதே இடத்தில் புளியங்கொட்டை அளவில் நிற்கிறது. சட்டை உரசினால் ஒரே கடி. வெட்டினவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்திருந்தும் நானும் வாய் திறக்கவில்லை.

துண்டைப் பற்றி. முக நரம்பு காதடியில் வெளிவந்து, விரல் விரித்த மாதிரி ஐந்து கிளையாகக் கன்னத்தில் பரவுகிறது. துண்டைத் தேடித் துழாவப்போய் ஒரு கிளை அறுந்தால் கண் மூடாது, அல்லது சிரிக்கும்போது வாய் கோணும். நோவோ சீழோ இல்லையென்றால் அதைச் சும்மா விடுவதுதான் பெரும்பாலும் புத்தி. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் மட்டும், படுக்க முதல் துண்டு இருப்பதைச் சொல்லிப்போடும், அந்த மெஷின் பெரிய காந்தம்.

மூக்குக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். தழும்பை அநேகமாக அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணியே செய்யலாம். ஏன் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறீர்? மூக்கு வீக்கம் முழுதாக வற்றவும் ஒரு வருஷம் போகும். சிலருக்கு மூச்சு அடைக்கும், சிலருக்கு மறுபடியும் வெட்ட வேண்டி வரும். அண்ணா அனுப்புகிற காசு அந்த இரண்டாம் தடவைக்கும் சேர்த்தா?

பியூட்டி பாலரில் ஊசியால் மூக்கை நிமிர்த்துகிறோம் என்றால் எழும்பி வந்துவிடும். அந்த மருந்து இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகும். கண் பார்வை போன ஆட்களும் உண்டு.

பெரியாஸ்பத்திரியில் கடிதம் வாங்கிப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போம். அந்தப் பழைய எக்ஸ்றேயை எறிந்துபோடாமல் கையோடு கொண்டுபோம்.